ஈஸ்ரர் எழுச்சியைப் போற்றுவோர் எல்லைக் கொமிஷனை மறப்பதேன்?

அயர்லாந்தின் சரித்திரத்தை நம் மேடைகளில் எடுத்தாளுவோர் இருவகையினர். ஒருவகையினர், 1916ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி டப்ளின் நகரத் தலைமைத் தபாற் கந்தோரின்மீது ஏற்றப்பட்ட கொடியோடு கதையைத் தொடங்குவர். மே மாதத்திற் சுட்டுக்கொல்லப்பட்ட தலைவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உச்சரிப்பர். இரத்தஞ் சிந்தினார்கள், விடுதலை பெற்றார்கள் என்று முடிப்பர். மற்றவகையினர் கிளாட்ஸ்ரனிலே தொடங்கி, பார்னெல், றெட்மன்ட் ஆகியோரின் பாராளுமன்ற சாதுரியத்தை விதந்துரைத்து, பொறுத்தார் பூமியாள்வார் என்று முடிப்பர். இரு கூட்டங்களிலும் கரகோஷம் எழும்; இரு கூட்டத்தாரும் திருப்தியுடன் வீடு செல்வர்.

இரண்டும் பாதிக் கதைகளே. இரண்டிலும் விடப்படுவது ஒன்றேதான். நாட்டின் பெரும்பகுதி விடுதலை பெற்ற அன்று, வடகிழக்கு மூலையிலுள்ள ஆறு மாவட்டங்களில், தாம் விரும்பாத ஓர் ஆட்சியின்கீழ்ச் சிறுபான்மையினராக விடப்பட்ட மக்களின் கதி என்னாயிற்று? அவர்களுக்கும் ஒப்பந்தத்திலே ஒரு சரத்து இருந்தது. சட்டத்திலே ஒரு காப்பு இருந்தது. சரத்தும் காப்பும் அவர்களுக்கு என்ன செய்தன? இக்கேள்வியைக் கேளாத எவரும் அயர்லாந்தைப் பற்றி நமக்குப் போதிக்க அருகதையுடையவரல்லர்.

முதலிற் பொறுமையின் கணக்கைப் பார்ப்போம். அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் மசோதாவை கிளாட்ஸ்ரன் 1886ஆம் ஆண்டிற் கொண்டுவந்தார்; பொதுமக்கள் சபை 30 வாக்குகளால் அதனைத் தோற்கடித்தது. 1893ஆம் ஆண்டில் மீண்டுங் கொண்டுவந்தார். பொதுமக்கள் சபை ஏற்றதனைப் பிரபுக்கள் சபை 41க்கு எதிராக 419 வாக்குகளால் நிராகரித்தது. பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் 1911ஆம் ஆண்டிலே குறைக்கப்பட்டபின், மூன்றாம் மசோதா 1912ஆம் ஆண்டில் வந்தது. இனி எவருந் தடுக்கமுடியாது என்று றெட்மன்ட் நம்பினார். சட்டப்படி அந்நம்பிக்கை சரியானதே. ஆயினும் அல்ஸ்ரர் யூனியன்வாதிகள் சட்டத்தை நம்பியிருக்கவில்லை. எட்வேட் கார்சன் என்னும் புகழ்பெற்ற அப்புக்காத்து தலைமை தாங்க, 1912 செப்டெம்பர் 28ஆந் திகதி சுயாட்சியை எதிர்க்கும் சத்தியப் பத்திரத்திற் கையொப்பமிடத் தொடங்கி, ஏறக்குறைய 5 இலட்சம் ஆடவரும் பெண்டிரும் ஒப்பமிட்டனர். அடுத்த ஆண்டிற் சேனை திரட்டினர். 1914 ஏப்பிரலில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைக் கப்பலிற் கொண்டுவந்து இறக்கினர். இவர்களிற் சிறைசென்ற தலைவர் ஒருவருமில்லை. அரசாங்கத்திற்கு விரோதமாகப் படைதிரட்டிய கார்சன், 1915ஆம் ஆண்டில் அதே அரசாங்கத்திற் சட்டமா அதிபராக அமர்ந்தார்.

சுயாட்சிச் சட்டம் 1914 செப்டெம்பர் 18ஆந் திகதி அரச சம்மதம் பெற்றது. யுத்தம் முடியும்வரை அமுல் நிறுத்தமும் அன்றே செய்யப்பட்டது. இருபத்தெட்டு ஆண்டுப் பொறுமைக்குக் கிடைத்தது நடைமுறைக்கு வராத ஒரு சட்டம். பொறுமையைப் போதிப்போர் இக்கணக்கை மறைத்துப் போதிக்கலாகாது.

இனி மற்றக் கணக்கு. ஈஸ்ரர் எழுச்சி ஆறு நாட்களில் அடக்கப்பட்டது. அப்போது டப்ளின் மக்களிற் பலர் எழுச்சியாளரை ஏசினார்களேயன்றி வாழ்த்தவில்லை. அம்மக்களின் மனத்தை மாற்றியது பிரித்தானிய இராணுவ நீதியே. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால், எதிரிக்காகப் பேச ஓர் அப்புக்காத்துமின்றி விசாரித்து, மே 3ஆந் திகதி தொடங்கி 12ஆந் திகதிவரை 15 பேரைச் சுட்டுக்கொன்றனர். காயம்பட்டு நிற்கமுடியாதிருந்த ஜேம்ஸ் கொனொலியைக் கதிரையில் இருத்திச் சுட்டனர். 1918 டிசெம்பர்த் தேர்தலில் அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73ஐச் சின் பெயின் கைப்பற்றியது. றெட்மன்டின் பழங்கட்சிக்கு மிஞ்சியவை 6. வென்றவர்கள் வெஸ்ற்மின்ஸ்ரருக்குப் போகாமல், 1919 ஜனவரி 21ஆந் திகதி டப்ளினிலே தமது சொந்தப் பாராளுமன்றத்தைக் கூட்டினர்.

பின்னர் நடந்த யுத்தத்தைத் துப்பாக்கியின் கதையாக மட்டும் சொல்வோர் ஒன்றைக் கவனியாது விடுகின்றனர். 1920ஆம் ஆண்டில் அயர்லாந்தின் பல பகுதிகளில் மக்கள் அரசரின் நீதிமன்றங்களை விட்டகன்று, தமது பாராளுமன்றம் அமைத்த நீதிமன்றங்களுக்குச் சென்றனர். காணி வழக்கும் கடன் வழக்கும் அங்கே தீர்க்கப்பட்டன. ஓர் ஆட்சி வீழ்ந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை. கோர்க் நகர மேயர் ரெறன்ஸ் மக்ஸ்வினி 74 நாள் உண்ணாவிரதமிருந்து, 1920 ஒக்டோபர் 25ஆந் திகதி இலண்டன் பிறிக்ஸ்ரன் சிறையில் உயிர்நீத்தார். துப்பாக்கி ஏந்தியவரும், உண்ணாதிருந்து மாண்டவரும், புதிய நீதிமன்றத்தின் படியேறிய சாதாரணக் குடியானவரும் சேர்ந்தே பிரித்தானியரை மேசைக்குக் கொண்டுவந்தனர். 1921 ஜூலை 11ஆந் திகதி யுத்தம் ஓய்ந்தது.

மேசையில் நடந்ததுதான் நமக்கு வேண்டிய பாடம்.

ஒருபுறம் மைக்கல் கொலின்ஸ், ஆதர் கிரிபித் முதலிய ஐவர். மறுபுறம் பிரதமர் லொயிட் ஜோர்ஜ், அவர் தொழிலாற் பிறக்கிராசி. அவருக்குப் பக்கத்தில் லோர்ட் சான்சலர் பேர்க்கன்ஹெட், இங்கிலாந்தின் தலைசிறந்த அப்புக்காத்துமாரில் ஒருவர். அயர்லாந்தோ ஏற்கெனவே பிளக்கப்பட்டிருந்தது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் அல்ஸ்ரர் மாகாணத்தின் ஒன்பது மாவட்டங்களில் ஆறினைப் பிரித்து, பெல்பாஸ்ற் நகரிலே தனிப் பாராளுமன்றம் அமைத்திருந்தது. ஒன்பதையும் எடுத்தாற் பெரும்பான்மை நிலையாது, நான்கை மட்டும் எடுத்தால் அரசு நிலையாது, ஆகையால் ஆறு. அவ்வாறினுள்ளும் ரைறோன், பேர்மனா என்னும் இரு மாவட்டங்களிற் கத்தோலிக்கரே பெரும்பான்மையினர் என்பதனை 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பே காட்டிற்று. ஆறு மாவட்டங்களிலும் சேர்த்து மக்களில் மூன்றிலொரு பங்கினர் அவர்கள்.

அவர்களுக்காக எழுதப்பட்டதே ஒப்பந்தத்தின் பன்னிரண்டாம் சரத்து. மூவர்கொண்ட ஒரு கொமிஷன் எல்லையை நிர்ணயிக்கும். குடிகளின் விருப்பத்தின்படி நிர்ணயிக்கும். ஆனால், பொருளாதார நிலைமைக்கும் பூகோள நிலைமைக்கும் இயைந்த அளவிற்கே அவ்விருப்பம் செல்லும். இதுவே அதன் சாரம். இரு மாவட்டங்களும் நிச்சயமாகத் தம்மிடம் வந்துவிடும், எஞ்சிய துண்டு தனித்து வாழமுடியாமல் தானே வந்து சேரும் என்று கொலின்ஸும் கிரிபித்தும் நம்பினர். அவ்வாறு நம்பும்படி விடப்பட்டனர். ஒப்பமிடாவிட்டால் உடனே யுத்தம் என்ற மிரட்டலின்கீழ், 1921 டிசெம்பர் 6ஆந் திகதி அதிகாலையிற் கையெழுத்து வைக்கப்பட்டது.

யாழ்ப்பாணத்திலே ஒரு பரப்புக் காணிக்கு உறுதி முடிக்கும் நொத்தாரிசு என்ன செய்கிறார்? கிழக்கெல்லை இன்னாருடைய காணி, வடக்கெல்லை இன்ன ஒழுங்கை, மேற்கெல்லை, தெற்கெல்லை என்று நான்கையும் எழுதியபின்னரே ஒப்பம் வாங்குகிறார். எல்லையைப் பின்னர் பார்த்துக்கொள்வோம் என்று எழுதிய உறுதியை நம் ஊர்க் கிழவி ஒருத்திகூட ஏற்கமாட்டாள். வேலி வழக்கிலே தலைமுறைகள் அழிந்ததைக் கண்டவள் அவள். ஒரு தேசத்தின் எல்லையோ அவ்வாறு எழுதப்பட்டது. விருப்பத்தை எவ்வாறு அறிவது? குடியொப்பம் எடுப்பதா? எந்த அலகுக்கு, மாவட்டத்திற்கா, கிராமத்திற்கா? விருப்பமும் பொருளாதாரமும் முரண்பட்டால் எது முந்தும்? ஒன்றுமே எழுதப்படவில்லை. இந்த மேசையிலே, அந்த ஆறு மாவட்டங்களில் வாழ்ந்த ஒருவரேனும் அயர்லாந்தின் தூதராக இருக்கவுமில்லை.

ஒப்பந்தம் டப்ளின் சபையின் முன் வந்தது. இங்கேதான் சரித்திரம் நம்மைத் தலைகுனிய வைக்கின்றது. வாரக்கணக்கில் நடந்த அவ்விவாதத்தில் அங்கத்தவர் பெரும்பாலும் பேசியது எதைப்பற்றி? அரசருக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்வதா, குடியரசைக் கைவிடுவதா என்பதைப்பற்றி. பிரிவினையைப்பற்றிப் பேசியோர் மிகச் சிலர். 1922 ஜனவரி 7ஆந் திகதி 57க்கு எதிராக 64 வாக்குகளால் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஜூன் மாதத்திலே சகோதர யுத்தம் மூண்டது. நேற்றுவரை ஒரே குழியிற் பதுங்கியிருந்தவர்கள் ஒருவரையொருவர் சுட்டனர். ஆகஸ்ட் 22ஆந் திகதி கொலின்ஸ் சொந்த மாவட்டத்திலேயே பதுங்கித் தாக்கப்பட்டு மாண்டார். புதிய ஐரிஷ் அரசாங்கம் தன் பழைய தோழர் 77 பேரைச் சுட்டுக்கொன்றது. ஈஸ்ரர் எழுச்சிக்காகப் பிரித்தானியர் கொன்றவர்களின் தொகை அதிலே கால்வாசியுமில்லை.

அந்தப் பிரமாணம் என்னாயிற்று? ஒப்பந்தத்தை எதிர்த்து நின்ற டி வலேராவே 1927ஆம் ஆண்டில், வெறும் வெற்றுச் சடங்கென்று சொல்லிக்கொண்டு, புத்தகத்திற் கையொப்பமிட்டுச் சபைக்குட் புகுந்தார். ஆட்சிக்கு வந்தபின் 1933ஆம் ஆண்டில் ஒரேயொரு சட்டத்தால் அதனை நீக்கினார். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டதற்குக் காரணமான பிரமாணம், பதினோராண்டில் ஒரு தாளோடு போயிற்று. எவரும் பொருட்படுத்தாத பன்னிரண்டாம் சரத்தின் எல்லையோ நூறாண்டு கடந்தும் நிற்கின்றது. கொடி எது, முடி எது என்று சண்டையிட்டு, குடி எங்கே என்பதை மறந்தோரின் கதி இது.

எல்லைக் கொமிஷனின் கதையையுங் கேளுங்கள். பெல்பாஸ்ற் அரசாங்கம் தன் அங்கத்தவரை நியமிக்க மறுத்தது. ஓரங்குலமும் விடோம் என்பது அவர்களின் கோஷம். அவர்கள் மறுத்தால் என்ன செய்வது என்று சரத்திலே எழுதியிருக்கவில்லை! 1924ஆம் ஆண்டிற் பிரிவிக் கவுன்சிலின் அபிப்பிராயம் கேட்கப்பட்டது. அவர்களுக்குப் பதிலாக நியமிக்கப் பிரித்தானியாவுக்கும் அதிகாரமில்லை என்று நீதிபதிகள் கூறினர். புதிதாக ஒரு சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. தலைவராக வந்தவர் தென்னாபிரிக்க நீதிபதி றிச்சட் பீதம். குடியொப்பம் எடுக்கத் தமக்கு அதிகாரமில்லையென்றும், இருக்கும் எல்லையைச் சிறிது திருத்துவதே தம் கடமையென்றும் அவர் வியாக்கியானஞ் செய்தார். 1925 நவம்பர் 7ஆந் திகதி பத்திரிகையொன்றில் இரகசியம் வெளியாயிற்று: மாவட்டங்கள் வரமாட்டா; சில துண்டுகளே வரும்; அத்துடன் டொனகல் மாவட்டத்தின் ஒரு பகுதி வடக்கே போகும். டப்ளின் அரசாங்கத்தின் பிரதிநிதி ஓவன் மக்நீல் இராஜினாமாச் செய்தார்.

டிசெம்பர் 3ஆந் திகதி மூன்று அரசாங்கங்களும் இலண்டனிற் கூடி முடிவுசெய்தன. இருக்கும் எல்லை இருந்தபடியே இருக்கும். பிரித்தானியப் பொதுக் கடனில் டப்ளின் இறுக்கவேண்டிய பங்கு தள்ளுபடி செய்யப்படும். கொமிஷனின் அறிக்கை பூட்டிவைக்கப்படும். அவ்வறிக்கை 1969ஆம் ஆண்டுவரை அச்சேறவில்லை. ரைறோனிலும் பேர்மனாவிலும் நான்காண்டு காத்திருந்த மக்களின் பிரதிநிதி எவரும் அம்மேசையில் இல்லை. கடன் நீங்கியது, மக்கள் நீக்கப்பட்டனர். இக்கைச்சாத்தைச் செய்தது அந்நிய ஆட்சி மட்டுமன்று. விடுதலைக்காகச் சிறையிருந்த தேசபக்தர்களுந்தான். அதை மறைத்து ஈஸ்ரர் புகழ் பாடுவது உண்மைக்கும் அம்மக்களுக்குஞ் செய்யுந் துரோகம்.

எல்லை கைவிட்டதென்றால், எல்லைக்குள்ளிருந்த காப்பாவது காத்ததா? 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, சமய காரணமாக எவருக்குங் குறைபாடு விளைக்குஞ் சட்டத்தைப் பெல்பாஸ்ற் பாராளுமன்றம் இயற்றலாகாது என்று தடுத்தது. 75ஆம் பிரிவு, வெஸ்ற்மின்ஸ்ரரின் மேலதிகாரத்தை நிலைநிறுத்தியது. சிறுபான்மையினர் தம் தொகைக்கேற்ற ஆசனம் பெறும்படி விகிதாசாரப் பிரதிநிதித்துவமும் விதிக்கப்பட்டிருந்தது. காகிதத்திலே குறையொன்றுமில்லை.

விகிதாசார முறையின்கீழ் 1920ஆம் ஆண்டில் டெறி நகரசபையிலே தேசியவாதிகள் பெரும்பான்மை பெற்றனர்; அந்நகரின் பெரும்பான்மையினர் அவர்களே. 1922ஆம் ஆண்டிற் பெல்பாஸ்ற் பாராளுமன்றம் உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து அம்முறையை எடுத்தெறிந்தது. இலண்டன் இரண்டு மாதம் அரச சம்மதத்தை நிறுத்திவைத்தது. பெல்பாஸ்ற் அரசாங்கம் பதவி விலகுவதாக மிரட்டியதும் பணிந்து கொடுத்தது. அன்றோடு மேலதிகாரம் செத்தது. 1923ஆம் ஆண்டு முதல், பெல்பாஸ்ற்றுக்கு ஒப்படைக்கப்பட்ட விஷயங்களை வெஸ்ற்மின்ஸ்ரரிற் பேசலாகாதென்ற சம்பிரதாயமும் வந்தது. 1929ஆம் ஆண்டிற் பாராளுமன்றத் தேர்தலிலும் விகிதாசாரம் ஒழிந்தது. டெறியில் வட்டாரங்கள் வெட்டியொட்டப்பட்டு, சிறுபான்மையினரான யூனியன்வாதிகள் 1960களில் 12 ஆசனங்களும், பெரும்பான்மையினர் 8 ஆசனங்களும் பெற்றனர். உள்ளூராட்சி வாக்கு வீட்டுக்காரருக்கும் அவர் துணைவருக்குமே உரியது. வாடகை அறையிலிருப்போனுக்கு வாக்கில்லை. கம்பனிகளுக்கோ ஆறு வாக்குவரை உண்டு. இங்கிலாந்து 1945ஆம் ஆண்டில் விட்டொழித்த முறை இது. 1922ஆம் ஆண்டில் ஓராண்டுக்கென்று வந்த விசேட அதிகாரச் சட்டம், விசாரணையின்றி மறியலில் வைக்கவும், மரண விசாரணையைத் தடுக்கவும் அதிகாரமளித்தது. 1933ஆம் ஆண்டில் அது நிரந்தரமாயிற்று.

இச்சட்டங்களில் எதிலேனும் கத்தோலிக்கன் என்ற சொல் உண்டா? இல்லை. ஆகவே 5ஆம் பிரிவு மீறப்படவுமில்லை! சட்டத்தின் முகம் எல்லாரையும் ஒருங்கே பார்த்தது. கை மட்டும் ஒருவரையே அடித்தது. இந்நாட்டு வாசகருக்கு இது புதிய வித்தையன்று. 1946ஆம் ஆண்டின் சோல்பரி அரசியற்றிட்டம் 29ஆம் பிரிவிலே இத்தகைய தடையொன்றை வைத்திருந்தது. மலையகத் தமிழரின் பிரசாவுரிமையையும் வாக்கையும் பறித்த சட்டங்கள் அப்பிரிவுக்கு விரோதமானவையென்று வழக்காடியபோது, 1953ஆம் ஆண்டிற் பிரிவிக் கவுன்சில் அவ்வாதத்தைத் தள்ளியது. 1972ஆம் ஆண்டு அரசியற்றிட்டத்தில் அப்பிரிவே இருக்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் அங்கும் கறிக்கு உதவவில்லை, இங்கும் உதவவில்லை.

சட்டத்தாற் சிறுபான்மையினரைக் காக்கவே முடியாதா என்று சலிப்போருக்கும் அயர்லாந்திலேயே பதிலுண்டு. எல்லைக்குத் தெற்கே உண்டு. டப்ளின் அரசும் குற்றமற்றதன்று. 1937ஆம் ஆண்டு அரசியற்றிட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்கு விசேட ஸ்தானம் கொடுத்தது. 1972ஆம் ஆண்டில் மக்கள் வாக்களித்தே அதனை நீக்கினர். ஆயினும் அதே அரசியற்றிட்டம் விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தைத் தன்னுள் எழுதி, மக்கள் வாக்கின்றி மாற்றவியலாது என்று பூட்டியது. 1959ஆம் ஆண்டில் டி வலேராவின் கட்சியே அதனை ஒழிக்க முயன்றது. ஒரே நாளில் மக்கள் அவரை ஜனாதிபதியாகத் தெரிவுசெய்து, அவர் கேட்ட மாற்றத்தை நிராகரித்தனர். 1968ஆம் ஆண்டில் மீண்டுங் கேட்டார்கள். அதைவிடப் பெரிய தோல்வி. வடக்கிலும் தெற்கிலும் ஆள்வோரின் ஆசை ஒன்றே. வடக்கிலே திறப்பு ஆள்வோரின் மடியில் இருந்தது. தெற்கிலே அவர்கள் கைக்கெட்டாமல் இருந்தது. இதுதான் வித்தியாசம்.

கவனியாது விட்ட சரத்துக்கு விலை கொடுக்கப்பட்டது. வாக்கும் வீடும் வேலையும் கேட்டு 1968 ஒக்டோபர் 5ஆந் திகதி டெறியில் ஊர்வலம் சென்றோரைப் பொலிசார் அடித்தனர். 1972 ஜனவரி 30ஆந் திகதி அதே நகரில் இராணுவம் ஆயுதமற்ற 13 பேரைச் சுட்டுக்கொன்றது. காயம்பட்ட ஒருவர் பின்னர் இறந்தார். அவர்கள் குற்றமற்றவர்கள் என்று ஒரு பிரித்தானியப் பிரதமர் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது 2010ஆம் ஆண்டிலே, 38 ஆண்டுகளின்பின். மூன்று தசாப்தங்களில் 3,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் ஏதுமறியாக் குடிமக்கள் எத்தனையோ பேர். அக்கொலைகளில் அரசபடையின் கையும் உண்டு. யூனியன்வாத ஆயுதக் குழுக்களின் கையும் உண்டு. விடுதலையின் பெயராற் குண்டு வைத்தவரின் கையும் உண்டு.

1998 ஏப்பிரல் 10ஆந் திகதி பெல்பாஸ்ற்றிற் கைச்சாத்தான உடன்படிக்கையை நியாயவாதியின் கண்கொண்டு படித்தால், அது 1921இன் பிழைகளுக்கு எழுதிய திருத்தப் பத்திரம்போலத் தோன்றும். முக்கிய தீர்மானங்களுக்கு இரு சமூகங்களின் ஆதரவும் வேண்டும். மந்திரி பதவிகள் கட்சிகளின் பலத்திற்கேற்பப் பகிரப்படும். மனித உரிமைக்கு முரணான சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம். இரு அரசாங்கங்களின் சர்வதேச ஒப்பந்தமாகையால் ஒன்று தனித்து அழிக்கலாகாது. அவ்வாண்டு மே 22ஆந் திகதி எல்லையின் இருபுறத்து மக்களும் வாக்களித்து ஏற்றனர். அது குறையற்றதன்று, 2017 முதல் 2020 வரையும், 2022 முதல் 2024 வரையும் அவ்வாட்சி முடங்கிக் கிடந்தது. எனினும் 2024 பெப்ரவரியில், சிறுபான்மையினருக்கு இடமில்லையென்று வகுக்கப்பட்ட அதே அரசிலே, தேசியவாதியான மிஷேல் ஓநீல் முதன்மை மந்திரியாக அமர்ந்தார். காப்பு மெய்யாக இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு அது அத்தாட்சி.

ஆகவே மேடையேறும் நண்பர்களுக்குச் சொல்கிறோம். 1916ஐப் போற்றுங்கள், அவ்வீரர் போற்றத்தக்கோரே. ஆனால் 1925ஐயுஞ் சேர்த்துச் சொல்லுங்கள். எந்தத் தலைவர் எந்த ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து காட்டினாலும், அதன் முகப்பிலுள்ள கொடியையும் முத்திரையையும் பாராமல், மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனை அழிக்கும் அதிகாரம் எவர் கையில் உள்ளது? இதன் தெளிவற்ற சொல்லுக்கு எவர், எந்த மன்றிற் பொருள் சொல்வார்? எவர் தலைவிதி இங்கே எழுதப்பட்டதோ, அவர் எழுதும்போது மேசையில் இருந்தாரா?

இம்மூன்றுக்கும் விடையில்லையாயின், அது எத்தனை தியாகிகளின் பெயரால் வந்தாலும், அதில் ஒப்பமிடாதீர்கள். ரைறோன் விவசாயி நான்காண்டு காத்திருந்து கற்ற பாடம் அது. நாம் அதனைக் காசின்றிப் படிக்கக்கூடியதாக இருக்கின்றது. படிக்காமல் விடுவோமாயின், அவன் கொடுத்த விலையை நாமுங் கொடுத்தே கற்கவேண்டிவரும்.